ஒரு பகலுக்கான ஏரி

மிலானில் காலையில் ரயிலேறிக் கோமோ ஏரியைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு மிலானுக்கே திரும்பிவிடலாம். வரென்னா வரை ரயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து படகில் கால் மணியில் பெல்லாஜியோ. மூன்று பக்கமும் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் எங்கும் மலை. இதற்கு ஒரு பகல் போதும் என்று பயணக் கையேடுகள் சொல்லும். போதும்தான். ஆனால் ரயில் வரென்னாவுக்கு முன்னால் லெக்கோ என்ற ஊரில் நிற்கிறது. ஏரி பார்க்க வருகிறவர்களில் அங்கே இறங்குகிறவர்கள் சொற்பம். இரும்பும் கம்பியும் செய்து பிழைத்த ஊர். கண்ணுக்கு உடனே எதையும் தந்துவிடுவதில்லை. இத்தாலிய உரைநடையின் மிகப் பிரசித்தமான முதல் வாக்கியம் அந்த ஊரை நோக்கித்தான் வருகிறது.

அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனியின் 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' என்ற நாவலைச் சொல்கிறேன். நம்மில் சிலர் ஆங்கிலத்தில் படித்திருக்கிறோம்; சிலர் படித்ததாகப் பேசிக்கொள்கிறோம். 1628இல் தொடங்கும் கதை. லம்பார்டி அப்போது ஸ்பெயினின் பிடியில். லெக்கோவை அடுத்த பெயரில்லாத ஒரு கிராமத்தில் ரென்ஸோ என்ற பட்டு நூற்பவனுக்கும் லூச்சியா என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. டான் ரொட்ரிகோ என்ற உள்ளூர்ப் பிரபு, தன் ஒன்றுவிட்ட சகோதரனோடு கட்டிய ஒரு பந்தயத்துக்காக, அதைத் தடுக்கிறான். ஓட்டம், பஞ்சம், மிலானில் ரொட்டிக் கலகம், 1630இன் கொள்ளைநோய், கடைசியில் கல்யாணம். கதை இவ்வளவே. இந்த நாவலின் மலைகளையும் ஏரியையும் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் விடப்படும் ஒன்று உண்டு என்று எனக்குப் படுகிறது. இயற்கை வர்ணனை உச்சத்தைத் தொடும் இடங்களில் மன்ஸோனி அடுத்த வாக்கியத்திலேயே அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார். வாசகர்கள் வர்ணனையை எடுத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள். லெக்கோவில் இறங்காமல் போவது போல.

முதலில் ஏரியின் உருவத்தைச் சொல்ல வேண்டும். தலைகீழாகப் பிடித்த கவைக்கம்பு. வடக்கே ஒரு தண்டு. தெற்கே இரண்டு கிளைகள். மேற்குக் கிளையின் நுனியில் கோமோ நகரம், கிழக்குக் கிளையின் நுனியில் லெக்கோ. கவை பிரியும் முனையில் பெல்லாஜியோ. பனிப்பாறைகள் அகழ்ந்த பள்ளம். ஆழம் 400 மீட்டருக்கு மேல். வடக்கில் வந்து விழும் அத்தா ஆறு லெக்கோ வழியாக மட்டுமே வெளியேறுகிறது. கோமோக் கிளைக்கு வாய்க்கால் கிடையாது. அங்கே போன தண்ணீர் அங்கேயே நிற்கிறது. மழை மிஞ்சினால் கோமோவின் சதுக்கத்துக்குள் ஏறுகிறது. ஓடுகிற கிளை, நிற்கிற கிளை. இது பூகோளம்தான். ஆனால் இரண்டு நாவல்கள் இந்த இரண்டு கிளைகளிலிருந்து பிறந்திருப்பதைப் பார்க்கும்போது பூகோளத்தை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியவில்லை.

மற்ற நாவல் ஸ்டெந்தாலின் 'பார்மாவின் மடாலயம்' (1839). அதன் நாயகன் ஃபப்ரீஸ் வளரும் கோட்டை பெல்லாஜியோவுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறது. அவனுடைய அத்தை ஜீனா, விதவையாகி மிலானிலிருந்து அங்கே திரும்பி வந்து, இளம் ஃபப்ரீஸோடு ஏரியைச் சுற்றும் பக்கங்கள் ஒரு பயணியின் பரவசத்தால் ஆனவை. அந்த இடங்கள் பயணிகளால் புகழப்பட்டவை என்று ஸ்டெந்தால் மறைக்காமலே சொல்கிறார். ஜெனீவா ஏரியின் கரைகளில் வேலி போட்டு நல்ல முறையில் பயிரிட்ட நிலங்கள் பணத்தையும் வியாபாரத்தையும் ஞாபகப்படுத்தும். இங்கே அது இல்லை என்று ஜீனா நினைக்கிறாள். மலையில் மரங்களைக் கைபோன போக்கில் யாரோ நட்டதுபோல் இருக்கிறது அவளுக்கு. தொலைவில் ஆல்ப்ஸின் பனி, வாழ்க்கையின் துயரத்தை இன்பத்துக்குச் சுவை கூட்டும் அளவுக்கு மட்டும் நினைவூட்டுகிறது. பெல்லாஜியோ முனையின் இரு பக்கத்தையும் அவர் பிரித்துக்காட்டும் விதம்தான் எனக்கு முக்கியம்: கோமோக் கிளை போகம், லெக்கோக் கிளை கடுமை. பெல்லாஜியோவில் இறங்கும் எவனும் இன்றும் இப்படித்தான் பார்க்கிறான், ஸ்டெந்தாலைப் படித்திராவிட்டாலும். (போகக் கிளையின் கரையிலுள்ள மெஸெக்ராவில்தான் 1945 ஏப்ரல் 28 அன்று முசோலினியைச் சுட்டுக் கொன்றார்கள். மலையும் தண்ணீரும் யாருடைய அடைமொழிக்கும் கட்டுப்படுவதில்லை.)

ஸ்டெந்தாலைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிலானைத் தன் ஊராக வரித்தவர் அவர். ஆஸ்திரியப் போலீஸின் சந்தேகத்துக்கு ஆளாகி 1821இல் அதை விட்டுப் போனவர். 1838இன் கடைசியில் பாரிஸில் உட்கார்ந்து இரண்டு மாதங்களுக்குள் இந்த நாவலை எழுதி முடித்தார். அவருடைய ஏரியும் கையைவிட்டுப் போன ஏரிதான். ஆனால் இழந்ததைத் தன் பாத்திரத்தின் கண்ணில் வைத்து, அந்தக் கண்ணைச் சுகமான படகில் ஏற்றிவிடுகிறார். பார்க்கிறவளுக்கும் எழுதுகிறவருக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ஜீனா படித்தவள், பிரபு வம்சம், ஓய்வு உள்ளவள். ஸ்டெந்தாலின் வாக்கியத்தை அவளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்த ஓய்வு இங்கே பழைய சரக்கு. இதே ஏரிக்கரையில் பல மாளிகைகள் வைத்திருந்த இளைய ப்ளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்தவர், அவற்றில் இரண்டுக்கு 'துன்பியல்', 'இன்பியல்' என்று பெயர் வைத்ததாக ஒரு கடிதத்தில் எழுதுகிறார். ஒன்று பாறை மேல், நாடகக்காரனின் உயரமான காலணி போட்டதுபோல. மற்றது தண்ணீரோரம், தட்டைச் செருப்பில். மேலிருந்தால் மீனவர்களைப் பார்க்கலாம். கீழிருந்தால் படுக்கையறையிலிருந்தே, ஏறக்குறையக் கட்டிலிலிருந்தே, தானே தூண்டில் போடலாம். துன்பியலும் இன்பியலும் ஒரே ஆளின் சொத்து! மீனவனின் கருத்து பதிவாகவில்லை.

மன்ஸோனியின் தொடக்கம் இந்தச் சொத்துக்காரப் பார்வையிலிருந்துதான் கிளம்புகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தெற்கே திரும்பும் அந்தக் கிளை, இருபுறமும் அறாத மலைத்தொடர், திடீரென்று ஏரி ஒடுங்கி ஆறாகும் இடம், அந்த மாற்றத்தை இன்னும் தெளிவாக்கும் பாலம், வாள்பல் போன்ற சிகரங்களால் ரெஸெகோனெ என்று பெயர் பெற்ற மலை. எல்லாம் உயரத்திலிருந்து விரிக்கப்பட்ட வரைபடம். நீண்ட வாக்கியம், நிதானம். பிறகு கண் கீழே இறங்குகிறது. லெக்கோவின் கோட்டை தெரிகிறது. அங்கே ஸ்பானியப் படை தங்கியிருக்கும் பாக்கியம் ஊருக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சிப்பாய்கள் ஊர்ப் பெண்களுக்கு அடக்கம் கற்றுக்கொடுத்தார்கள். அவ்வப்போது ஒரு புருஷனின், ஒரு தகப்பனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். கோடை முடிவில் திராட்சைத் தோட்டங்களில் பரவிக் குடியானவர்களின் அறுவடைச் சிரமத்தைக் குறைத்தார்கள். வர்ணனையின் குரல் மாறவில்லை, வேகம் மாறவில்லை. அதே நிதானத்தில் விஷம் வந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு சுவர்களுக்கிடையில் புதைந்து கிடக்கும் சந்துகள். அங்கே தலையை நிமிர்த்தினால் ஒரு துண்டு வானமும் ஒரு சிகரமும் மட்டுமே தெரியும். குடியானவனுக்குக் கிடைக்கும் காட்சி அவ்வளவுதான் என்று மன்ஸோனி சொல்வதில்லை. சந்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறார். அந்தப் பாதையில், 1628 நவம்பர் 7 மாலை, பங்குச் சாமியார் டான் அபோந்தியோ ஜெபப் புஸ்தகத்தை மூடிவிட்டு, எதிர் மலையின் பாறைகளில் அந்தி வெயில் திட்டுத்திட்டாய்ச் சிவந்திருப்பதைச் சாவகாசமாகப் பார்க்கிறார். வளைவில் திரும்பினால் இரண்டு அடியாட்கள் நிற்கிறார்கள். சாவகாசமாக மலையைப் பார்க்கும் உரிமையை முதலில் ஒரு கோழைக்குக் கொடுத்து, அடுத்த கணமே அதைப் பிடுங்கிவிடுகிறது நாவல்.

எட்டாம் அத்தியாயம் இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அத்தியாயம். ரகசியக் கல்யாண முயற்சி தோற்று, ரென்ஸோவும் லூச்சியாவும் அவள் தாயும் இரவில் படகேறி ஓடுகிறார்கள். நிலா, அசையாத ஏரி, துடுப்பின் சத்தம், தூரத்தில் பாலத் தூண்களில் தண்ணீர் உடையும் சத்தம். லூச்சியா கரையைப் பார்க்கிறாள். டான் ரொட்ரிகோவின் மாளிகை தெரிந்து நடுங்குகிறாள். கண் கீழே இறங்கித் தன் வீட்டைத் தேடுகிறது. முற்றத்துச் சுவருக்கு மேலே அத்திமரத்தின் தலை தெரிகிறது, தன் அறை ஜன்னல் தெரிகிறது. படகின் விளிம்பில் கையை வைத்து, தூங்குவதுபோல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுகிறாள்.

அதற்கப்புறம் அந்தப் புகழ்பெற்ற விடை. தண்ணீரிலிருந்து எழுந்து வானத்தில் முட்டும் மலைகளிடம், வீட்டில் இருப்பவர்களின் குரல் போலப் பிரித்தறியக்கூடிய ஓடைகளின் சத்தத்திடம், வீட்டிடம், கல்யாணம் நடந்திருக்க வேண்டிய கோயிலிடம். நடுவில் ஒரு யோசனை வருகிறது. பணம் சேர்க்கத் தானாகவே ஊரை விட்டுப் போகிறவனுக்குக்கூட இந்தக் கணத்தில் கனவு கலையும். சமவெளியில் காற்று கனத்துச் செத்துக் கிடக்கும். நகரத்தில் அந்நியர்கள் வாய்பிளந்து பார்க்கும் கட்டடங்களின் முன்னால் நின்றுகொண்டு அவன் தன் ஊரில் வாங்கப்போகும் சின்ன வயலை நினைப்பான். உல்லாசப் பயணியும் ஊரைவிட்டு வந்தவனும் ஒரே கட்டடத்தின் முன் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவன் பார்க்கிறான், மற்றவன் பார்க்கவில்லை. பயணத்தைப் பற்றி எழுதிய பெரிய புஸ்தகங்களில் கிடைக்காத ஒரு பார்வை இந்த ஓரத்தில் கிடக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தில், லூச்சியாவின் எண்ணங்கள் இந்த ரகத்தைச் சேர்ந்தவை, ஆனால் கறாராக இவையேதான் என்றில்லை என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு மன்ஸோனி நகர்ந்துவிடுகிறார். தொகுப்பாளர்கள் இந்த இடத்தில்தான் கத்திரிக்கோலை வைப்பது வழக்கம். ஏன் என்பது எளிது. மந்திரம் கலைந்துவிடும். கலைய வேண்டும் என்பதே அவர் நோக்கம் என்று நினைக்கிறேன். அழுதது லூச்சியா, பேசியது மன்ஸோனி. லெக்கோவில் தன் தந்தைவழி வீட்டில் பால்யத்தின் ஒரு பகுதியைக் கழித்து, 1818இல் அந்தச் சொத்தை விற்றவர் அவர். மூன்று வருஷம் கழித்து நாவலைத் தொடங்கினார். விற்றவனின் விடை அது. விரட்டப்பட்டவளின் வாயில் அதை வைக்கும்போது, வைத்தது நான்தான் என்று கையெழுத்தும் போட்டுவிடுகிறார்.

மொழி விஷயத்தைச் சேர்த்தால் இது இன்னும் கூர்மையாகிறது. மன்ஸோனி வீட்டில் பேசியது மிலான் பேச்சு. நண்பர்கள் சிலருக்கு எழுதியது பிரெஞ்சு. 1827 பதிப்பின் மொழி அவருக்குத் திருப்தி தரவில்லை. அந்த வருஷமே ஃப்ளாரன்ஸுக்குப் போய், படித்த ஃப்ளாரன்ஸ்காரர்களின் பேச்சைக் கேட்டு, வாக்கியம் வாக்கியமாகத் திருத்தி 1840–42இல் மீண்டும் வெளியிட்டார். ஆக, அந்த மலைகளிடம் விடைபெறும் வார்த்தைகள் அந்த மலைகளில் யாரும் பேசாத மொழியில் இருக்கின்றன. லூச்சியாவின் நெஞ்சு லெக்கோவில், நாக்கு ஃப்ளாரன்ஸில். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் தினமும் தாண்டிக் குதிக்கிற தமிழ் எழுத்தாளனுக்கு இதன் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. இந்தத் திருத்தத்தை ஒரு தேசிய மொழியின் வெற்றியாகவே இலக்கிய சரித்திரங்கள் கொண்டாடுகின்றன. வெற்றிதான். ஆனால் 'கறாராக இவையேதான் என்றில்லை' என்ற ஒப்புதல் மொழிக்கும் சேர்த்துத்தான் என்று படித்தால், வெற்றியின் விலை தெரிகிறது.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டியது பதினேழாம் அத்தியாயம். மிலான் கலகத்தில் மாட்டிக்கொண்டு தப்பி ஓடும் ரென்ஸோ, எல்லையான அத்தாவை இருட்டில் தேடி நடக்கிறான். அக்கரை வெனிஸ் குடியரசு. முதலில் ஆறு தெரிவதில்லை, கேட்கிறது. அந்தச் சத்தம் அவனுக்கு ஒரு நண்பன், ஒரு சகோதரன். காலையில் ஒரு மீனவன் அக்கரை சேர்க்கிறான். ரென்ஸோ திரும்பித் தன் தேசத்தைப் பார்க்கிறான். பாழாய்ப்போன ஊர், அங்கேயே கிட என்கிற தோரணையில் ஒரு வசவு. தாய்நாட்டுக்கு அவன் சொன்ன விடை அதுதான் என்கிறார் மன்ஸோனி. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு காலடியில் ஓடும் தண்ணீரைப் பார்க்கிறான். இது பாலத்துக்கு அடியில் புகுந்து வந்த தண்ணீர் என்று தோன்றுகிறது அவனுக்கு. எந்தப் பாலம் என்று சொல்லிக்கொள்வதில்லை; லெக்கோக்காரர்களுக்குப் பாலம் என்றால் ஒரே பாலம். பதினான்காம் நூற்றாண்டில் கட்டியது, இன்றும் நிற்கிறது. முதல் பக்கத்தில் வரைபடத்தின் ஓர் அம்சமாக வந்த அதே பாலம் இங்கே ஒருவனின் மனசுக்குள், அடைமொழி ஏதுமின்றி, பேச்சு வழக்கின் ஒற்றைச் சொல்லாக வருகிறது. லூச்சியாவின் பக்கம் பக்கமான விடையைவிட இந்த ஒரு வசவும் ஒரு சொல்லும் உயர்ந்த கலை என்பது என் அபிப்பிராயம். இதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

முப்பத்துமூன்றாம் அத்தியாயத்தின் திராட்சைத் தோட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கொள்ளைநோயிலிருந்து பிழைத்து ரென்ஸோ ஊர் திரும்புகிறான். அவன் தோட்டத்தை இரண்டு குளிர்காலம் ஊரார் விறகுக்கு வெட்டியிருக்கிறார்கள். மிச்சத்தில் களை. செந்தட்டி, பெரணி, அறுகு, காட்டு ஓட்ஸ் என்று மன்ஸோனி அடுக்கிக்கொண்டே போகிறார். காட்டுச் சுரைக்கொடியும் திராட்சைக்கொடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் சரிந்து கிடக்கின்றன, பலவீனர்கள் ஒருவரையொருவர் நம்பினாற்போல. ரசிகர்களின் இன்னொரு விருப்பப் பகுதி. முடிவில் அதே தந்திரம்: நாம் இதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம்கூட ரென்ஸோ நின்று பார்த்திருக்க மாட்டான் என்கிறார். அவன் போய்விட்டான். ஸ்டெந்தாலில் ஃபப்ரீஸும் இரவில் ஒளிந்து திரும்பி வருகிறான், தான் பிறந்த குளிர்காலத்தில் தாய் நட்ட செஸ்ட்நட் மரத்தைப் பார்க்க. ஒரு கிளை முறிந்து தொங்குகிறது. கத்தியால் அதை வெட்டி, தண்ணீர் இறங்காமல் வெட்டுவாயைச் சீவி, அடிமண்ணைக் கொத்திவிட்டுப் போகிறான். பிரபுவின் மகன் மரத்துக்குச் சிகிச்சை செய்கிறான். உழுது தின்றவன் தன் தோட்டத்தில் காலே வைப்பதில்லை. ஃபப்ரீஸின் செய்கை அழகானது. ரென்ஸோ உள்ளே நுழையாததில் உண்மை அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேல் கடைசி அத்தியாயம். டான் ரொட்ரிகோ நோயில் ஒழிந்தான். ரென்ஸோ மேல் இருந்த அரசாணையும் போயிற்று. கல்யாணம் சொந்தக் கோயிலிலேயே நடக்கிறது. வாசகன் எதிர்பார்ப்பது, மலைகள் திரும்பக் கிடைத்துவிட்டன என்ற ஒரு பத்தியை. கிடைப்பதில்லை. அவர்கள் ஊரை விட்டு பெர்கமோ பக்கம் குடிபோகிறார்கள், தாங்களாகவே. மலைகளைப் பிரிவதில் வலி இல்லையா என்று யாராவது கேட்டால், இருந்தது, வலி எங்கேதான் இல்லை என்கிறார் மன்ஸோனி; ஆனால் ரொம்பப் பலமாக இருந்திருக்க முடியாது, இரண்டு தடைகளும் நீங்கிய பிறகு வீட்டிலேயே இருந்து அதைத் தவிர்த்திருக்கலாமே என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பக்கம் தொழிலாளிகளுக்கு வசதி அதிகம். தவிரவும், கசந்த நினைவுகள் காலப்போக்கில் இடத்தையே கெடுத்துவிடும். பிறந்த இடமானால் கசப்பு இன்னும் குத்தும். பால் மறக்கடிக்கத் தாதி மார்பில் கசப்பைத் தடவினால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல. இரண்டாவது அத்தியாயத்திலேயே பட்டு நூற்பு க்ஷீணித்து, கைத்திறன் உள்ளவர்கள் அண்டை நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்ததை அவர் சொல்லியிருக்கிறார். ஆகவே இது திடீர்த் திருப்பம் அல்ல. எட்டாம் அத்தியாயத்தின் விடையும் முப்பத்தெட்டாம் அத்தியாயத்தின் விடையும் ஒரே நாவலின் ஒரே மலைகளுக்கு. முதலாவது நிலவொளியில், இசையோடு. இரண்டாவது கணக்குப் பார்த்து, அரைச் சிரிப்போடு. முதலாவதை மட்டும் பிடுங்கி எடுத்துப் படிக்கிறவர்களுக்கு மன்ஸோனி ஒரு பிறந்தமண் கவிஞர். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பிறந்தமண் மீதான ஏக்கம் யாருக்குக் கட்டுபடியாகும் என்று கேட்கிற எழுத்தாளர் வெளிப்படுகிறார். அந்தக் கேள்வியை அவர் உரக்கக் கேட்காதது பக்தியாலா, ஜாக்கிரதையாலா என்பதில் நண்பர்கள் என்னோடு சண்டை போடலாம்.

குடிபோன ஊரில் நடப்பது ஒரு வேடிக்கை. ரென்ஸோ பட்ட கஷ்டத்தையும் அவன் விசுவாசத்தையும் கேள்விப்பட்டிருந்த ஊர்க்காரர்கள், இதற்கெல்லாம் காரணமான லூச்சியா எப்படிப்பட்ட அழகியாக இருப்பாள் என்று காத்திருந்திருக்கிறார்கள். பொன்முடி, ரோஜாக் கன்னம் என்று ஆளாளுக்குக் கற்பனை. வந்ததும் தோளைக் குலுக்கினார்கள். இதற்குத்தானா, மற்றவர்களைப் போல ஒரு பட்டிக்காட்டுப் பெண்தானே என்றார்கள். பேச்சு ரென்ஸோவின் காதுக்கு வந்தது. அவன் எல்லோரிடமும் கடுகடுத்தான். அங்கே இருக்கவே பிடிக்காமல் போயிற்று. உறவினன் போர்த்தோலோவோடு கூட்டுச் சேர்ந்து வேறோர் ஊரில் ஒரு பட்டு ஆலை வாங்கிக்கொண்டு மறுபடி மூட்டை கட்டினான். அந்தப் புது ஊரில் லூச்சியாவைப் பற்றி யாரும் எதையும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அங்கே அவள் எல்லோருக்கும் பிடித்தவளாக இருந்தாள்.